‘நூறு சதவீதம் ஜெயிச்சுத் தர்றேன்’ என்கிற வக்கீலை நம்பலாமா?

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன். வயது 33. பி.காம். படித்தவர், வேலைக்குப் போகவில்லை. ஏழு வயதில் மகன், மூன்று வயதில் மகள். கணவர் மேற்கு மாவட்டம் ஒன்றில் சொந்தத் தொழில் செய்கிறார். அடி, உதை கிடையாது. ஆனால் வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் நிறுத்துவதும், உறவினர்கள் முன்னால் கேவலமாகப் பேசுவதும் தொடர்ந்ததால், எட்டு மாதங்களுக்கு முன் பிள்ளைகளோடு தாய் வீட்டுக்கு வந்துவிட்டார். மகன் இங்கேயே இரண்டாம் வகுப்பில் படிக்கிறான்.

இப்போது கணவர் தன் ஊர் குடும்ப நல நீதிமன்றத்தில், இரு குழந்தைகளையும் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டு மனு போட்டிருக்கிறார். சம்மன் வந்துவிட்டது; ஆஜராக மூன்று வாரம் இருக்கிறது. தாய்மாமாவுக்குப் பழக்கமான வக்கீல் ஒருவர், “நூறு சதவீதம் ஜெயிச்சுத் தர்றேன்மா” என்று சொல்லி, மொத்தமாக ஒரு தொகை பேசி, பாதியை வாங்கிக்கொண்டிருக்கிறார். வழக்கு நடத்த அவருக்கு அதிகாரம் தரும் வக்காலத்தோடு மூன்று வெற்றுத் தாள்களிலும் கையெழுத்து வாங்கியிருக்கிறார். “முதல்ல மொத்தக் குடும்பத்து மேலயும் போலீஸ்ல ஒரு கம்ப்ளைன்ட் குடுங்க, அதுவரைக்கும் பிள்ளைங்களை அவர்கிட்ட போன்ல கூடப் பேச விடாதீங்க” என்பது அவர் சொன்ன யோசனை. கணவரோ, “அஞ்சு வயசு தாண்டிட்டா பையன் அப்பனுக்குத்தான்” என்று மிரட்டுகிறார். ‘இந்த வக்கீலையே வைத்துக்கொள்ளலாமா? இல்லையென்றால் நல்ல வக்கீலை எப்படித் தேடுவது? சம்பாத்தியம் இல்லாத என்னிடம் கோர்ட் பிள்ளைகளைக் கொடுக்குமா?’ இவைதான் அவர் கேள்விகள்.

சகோதரி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது.

வருமானம் இல்லை என்பதற்காக மட்டும் ஒரு தாயிடமிருந்து நீதிமன்றம் குழந்தைகளைப் பிரிப்பதில்லை. பணம் குறைவாக இருக்கும் இடத்தில், சம்பாதிக்கும் பெற்றோரை ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்வதுதான் முறை. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சம் கேட்க, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த வழி, இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவாக இருக்கிறது. 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே உங்களுக்கு வருமானம் இல்லாதது ஜீவனாம்ச மனுவில் சொல்ல வேண்டிய விஷயம். பிள்ளைகள் வழக்கில் அதை நினைத்து நீங்கள் கூனிக் குறுக வேண்டியதில்லை.

அடுத்து ‘அஞ்சு வயசு’ விவகாரம். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆவது பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் மகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஐந்து முடிந்த மறுநாள் குழந்தை தந்தையிடம் போய்விட வேண்டும் என்று அந்தப் பிரிவிலோ வேறெங்குமோ இல்லை. அதே சட்டத்தின் 13ஆவது பிரிவுப்படி, முடிவெடுக்கும்போது குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது. தந்தைதான் முதல் இயற்கைக் காப்பாளர் என்று சட்ட வாசகம் சொல்கிறது, உண்மைதான். ஆனால் காப்பாளர், அதாவது குழந்தையின் சார்பில் சட்டப்படி முடிவெடுப்பவர், யார் என்பது ஒரு கேள்வி. குழந்தை யாரோடு வாழ்வது என்பது வேறு கேள்வி. 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாசகத்துக்குக் கொடுத்த விளக்கத்தால், தந்தை உயிரோடு இருக்கும்போதே தாயும் காப்பாளராக முடியும் என்றாகியிருக்கிறது. அண்ணன் தங்கையைப் பிரிக்காமல் ஒன்றாக வளர விடுவதையும் நீதிமன்றங்கள் பொதுவாக விரும்புகின்றன.

இவ்வளவும் உங்கள் பக்கம் இருக்கும்போது, உங்கள் வக்கீலின் யோசனைதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

மனுவில் இருப்பது உங்கள் பெயர்

பிள்ளைகள் வழக்கு, சொத்து வழக்கு மாதிரி அல்ல. வரப்புத் தகராறில் வக்கீல் எவ்வளவு சீறினாலும் நிலம் அதே இடத்தில்தான் கிடக்கும். இங்கே, எந்தப் பெற்றோர் குழந்தையின் மனதைக் காயப்படுத்தாமல் நடந்துகொள்கிறார், மற்றவரோடு குழந்தைக்குள்ள உறவை மதிக்கிறார் என்பதையே நீதிபதி எடைபோடுகிறார். வக்கீல் டைப் செய்யும் ஒவ்வொரு பிரமாணப் பத்திரத்திலும் சத்தியம் செய்து கையெழுத்திடுவது நீங்கள். ‘போனில்கூடப் பேச விடாதே’ என்று சொன்னவர் அவராக இருந்தாலும், குறுக்கு விசாரணையில் கூண்டில் நின்று “ஏன் பேச விடவில்லை?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் போவது நீங்கள்தான்.

2017இல் விவேக் சிங் எதிர் ரோமனி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு பெற்றோர் குழந்தையின் மனதை மற்றவருக்கு எதிராகத் திருப்புவதால் வரும் கேட்டைப் பற்றி விரிவாகப் பேசியது. 2020இல் யஷிதா சாஹு வழக்கில், தன்னோடு வாழாத பெற்றோரிடம் வீடியோ காலிலாவது பேசிப் பழகுவது குழந்தைக்குரிய தேவை என்று வலியுறுத்தியது. குழந்தைகளின் பாதுகாப்புக்கு ஆபத்து இருந்தால் விஷயம் வேறு. அப்போதும் நீங்களாகத் தடுக்காமல் நீதிமன்றத்தில் மனு போட்டுத் தடை கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படியொரு ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை. எனவே வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில், குறிப்பிட்ட நேரத்தில் அப்பாவோடு பேச விடுங்கள். அந்த நேரத்தை அவருக்குக் குறுஞ்செய்தியில் தெரிவியுங்கள். அது பதிவாக இருக்கும். அவர் கூப்பிடாவிட்டால் அதுவும் பதிவாகும்.

போலீஸ் புகார் பற்றி. பணம் தராமல் ஒடுக்குவதும், வாய் வார்த்தையால் சிறுமைப்படுத்துவதும் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி வன்முறைதான். அந்தச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். 21ஆவது பிரிவில் குழந்தைகளைத் தற்காலிகமாக உங்களிடமே வைத்திருக்க உத்தரவும் கேட்கலாம். நடந்ததை நடந்தபடி சொல்லிப் போடும் மனு உங்களுக்கு வலு. வேறு ஊரில் இருக்கும் நாத்தனார், கொழுந்தனார் எல்லோரையும் ‘அழுத்தம் கொடுக்க’ என்று இழுத்துவிடும் கிரிமினல் புகார் அப்படியல்ல. அதில் நிரூபிக்க முடியாத ஒரு வரி இருந்தாலும், நிரூபிக்க முடிந்த மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் விழும். இதைவிட மோசமான யோசனை ஒன்றும் சில இடங்களில் காதில் ஓதப்படுகிறது: குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைத் தண்டிக்கும் போக்ஸோ சட்டத்தில் தந்தை மீது பொய்யாகப் புகார் கொடுப்பது. யாராவது அதைச் சொன்னால் அந்த இடத்தைவிட்டு உடனே எழுந்து வந்துவிடுங்கள். பொய்ப் புகார் கொடுப்பவரைத் தண்டிக்க அந்தச் சட்டத்திலேயே 22ஆவது பிரிவு இருக்கிறது. நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லச் சொல்லி, மருத்துவப் பரிசோதனை, வாக்குமூலம் என்று அலைக்கழித்தால் அந்தக் குழந்தை என்னவாகும்?

வெற்றிக்கு உத்தரவாதம் தரும் வக்கீல் உங்கள் வழக்கை இன்னும் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம். 1890ஆம் ஆண்டு காப்பாளர்கள் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின் கீழ் வரும் உத்தரவுகள் காலத்துக்கும் மாறாதவை அல்ல. சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்கலாம் என்பதை 1973இலேயே ரோஸி ஜேக்கப் வழக்கு தெளிவாக்கிவிட்டது. ‘ஜெயித்து முடித்துவிட்டேன்’ என்று யாரும் சொல்ல முடியாத வழக்கு இது.

எங்கே தேடுவது?

வக்கீல்கள் தங்களை விளம்பரம் செய்துகொள்ளவும் ஆள் பிடிக்கவும் இந்திய பார் கவுன்சில் விதி 36 தடை செய்கிறது. ஆகவே ‘நம்பர் ஒன் குடும்ப வழக்கறிஞர்’ என்று உங்கள் போனில் வந்து விழும் விளம்பரங்களை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். கோர்ட் வாசலில் கையைப் பிடித்து அழைத்துப் போகும் இடைத்தரகர்களும் வேண்டாம்.

உங்கள் ஊரில் சிவில் வழக்கு நடத்தும் வக்கீல் யாரையாவது தெரிந்தால், “குடும்ப நல நீதிமன்றத்தில் ஒழுங்காக வழக்கு நடத்துபவர் யார்?” என்று கேளுங்கள். வக்கீல்களுக்கு வக்கீல்களைத் தெரியும். கிடைக்கும் பெயர்களை, நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். வக்கீல் பெயரைக் கொண்டு வழக்குகளைத் தேடும் வசதி அதில் இருக்கிறது. அவர் எந்த நீதிமன்றத்தில் எவ்வகை வழக்குகளில் ஆஜராகிறார் என்பது ஓரளவு புரிந்துவிடும். எல்லாமே செக் மோசடி வழக்காக இருந்தால் அவர் உங்களுக்கான ஆள் இல்லை.

இலவசச் சட்ட உதவி ஏழைகளுக்கு மட்டும் என்று நினைத்துதான் அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை போலும். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஆதார் நகல், சம்மன் நகலோடு மனு கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அங்கே நியமிக்கப்படும் வக்கீல் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. அவர் சரியாகக் கவனிக்கவில்லையென்றால், காரணத்தை எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம். திறமையானவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள், தயக்கம் வேண்டாம். வழக்கு கணவர் ஊரில் இருப்பதால், அந்த மாவட்ட ஆணைக்குழு வழியாக வக்கீல் நியமிக்கச் சொல்லி மனுவிலேயே கேளுங்கள்.

முதல் சந்திப்பில் என்ன கேட்பது?

குறைந்தது இரண்டு பேரையாவது பாருங்கள். ஆலோசனைக் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள், அது நியாயமானது. போகும்போது இரண்டு பக்கத்தில் தேதிவாரியாக நடந்ததை எழுதி எடுத்துப் போங்கள். சம்மன், மனு நகல், பிறப்புச் சான்றிதழ்கள், மகனின் பள்ளிச் சேர்க்கைப் பதிவு, கட்டண ரசீது, தடுப்பூசி அட்டை, ஆசிரியர்களோடு நீங்கள் பேசிய செய்திகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். உங்களுக்குப் பாதகமானதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதை எதிர்த்தரப்பு வாயிலாக முதல் முறை கேட்கும் வக்கீலால் உங்களைக் காப்பாற்ற முடியாது.

அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். பையனைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவது யார், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அப்பாவைப் பற்றிப் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று விசாரிப்பவர் வழக்கின் உயிர்நாடி தெரிந்தவர். கணவரின் சொத்து மதிப்பில் தொடங்கி அதிலேயே முடிப்பவர் வேறு கணக்கில் இருக்கிறார்.

நீங்கள் கேட்க வேண்டியவை: பிள்ளைகள் வழக்கில் சாட்சி விசாரணை வரை நடத்தியிருக்கிறாரா, இல்லை எல்லாம் சமரசத்தில் முடிந்தவையா? வாய்தா அன்று அவரே வருவாரா, ஜூனியரை அனுப்புவாரா? என் வழக்கில் பலவீனம் என்ன? இடைக்காலத்தில் தந்தைக்கு எந்த மாதிரி சந்திப்பு ஏற்பாடு தரலாம் என்கிறார்? கணவர் தரப்பிலிருந்து யாராவது ஏற்கெனவே அவரிடம் ஆலோசனை கேட்டிருக்கிறார்களா?

இன்னொரு கேள்வி உங்கள் வழக்குக்கே உரியது: “இந்த நீதிமன்றத்துக்கு விசாரிக்க அதிகாரம் இருக்கிறதா?” கணவரின் மனு 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் என்றால், 9ஆவது பிரிவுப்படி குழந்தை சாதாரணமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் அது போடப்பட வேண்டும். எட்டு மாதமாக உங்கள் ஊரில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு எது அந்த இடம்? தாயே கூட்டி வந்துவிட்டார் என்று கணவர் வாதிடுவார். இது சட்டமும் நடந்த விவரங்களும் கலந்த கேள்வி என்று 2011இல் ருச்சி மஜூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே பள்ளிப் பதிவுகள் முக்கியம். இந்த ஆட்சேபத்தை முதல் எதிர்மனுவிலேயே எழுப்ப வேண்டும். விவாகரத்து மனுவோடு இந்து திருமணச் சட்டத்தின் 26ஆவது பிரிவில் கேட்டிருந்தால் கணக்கு வேறு. அப்போது வழக்கை உங்கள் ஊருக்கு மாற்ற உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருக்கும். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பது மனுவின் முதல் பக்கத்திலேயே இருக்கும். மனுவைக் கையில் வாங்கியும் இதைப் பற்றி வாயே திறக்காத வக்கீலிடம் நம்பி ஒப்படைக்காதீர்கள்.

கட்டணமும் கையெழுத்தும்

மொத்தத் தொகை பேசுவதில் தவறில்லை. அதற்குள் என்னென்ன அடங்கும் என்பதில்தான் பின்னால் சண்டை வருகிறது. இடைக்கால மனுக்கள், சமரச மைய அமர்வுகள், குறுக்கு விசாரணை, வெளியூர்ப் பயணம், நகல் செலவு ஆகியவை உள்ளடங்குமா? குடும்ப நல நீதிமன்றத்தின் இறுதி உத்தரவை எதிர்த்து 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணமா? ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மறுத்தால் குறைந்தபட்சம் நீங்களே வாட்ஸ்ஆப்பில் எழுதி அனுப்பி, ‘சரி’ என்ற பதிலையாவது வாங்கி வையுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். ‘ஜெயித்தால் இவ்வளவு, ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம்’ என்று பேசுவது பார் கவுன்சில் விதிகளுக்கே விரோதம்.

வெற்றுத் தாளில் போட்ட கையெழுத்தை இன்றைக்கே கவனியுங்கள். அந்த மூன்று தாள்களையும் திருப்பித் தரும்படியும், உங்களுக்குப் படித்துக் காட்டாத எதையும் தாக்கல் செய்ய வேண்டாம் என்றும் பதிவுத் தபாலில் எழுதுங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். இனி எந்த மனுவானாலும், முழுக்கத் தமிழில் விளக்கம் கேட்டுப் புரிந்த பிறகே ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுங்கள்.

வக்கீலை மாற்றுவது உங்கள் உரிமை. வக்காலத்து இன்னும் கோர்ட்டில் தாக்கல் ஆகவில்லையென்றால், புது வக்கீல் நேரடியாகத் தன் வக்காலத்தைப் போடலாம். தாக்கல் ஆகியிருந்தால், பழைய வக்கீலிடம் ‘ஆட்சேபம் இல்லை’ என்று எழுதி வாங்குவது வழக்கம். தர மறுத்தால், நீதிமன்ற அனுமதி கேட்டு மனு போட்டு மாற்றலாம். பாக்கிப் பணத்தைக் காட்டி வழக்குக் கட்டை அவர் பிடித்து வைக்கவும் முடியாது. கட்டணத்துக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களை நிறுத்தி வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. கொடுத்த பணம் முழுதும் திரும்பி வராமல் போகலாம். அதற்காகவே அவரிடம் தங்கிவிடாதீர்கள்.

தாய்மாமா உங்கள் நன்மைக்காகவே செய்திருப்பார். ஆனாலும் வக்கீலின் கட்சிக்காரர் நீங்கள். நீங்கள் சொன்னது மாமா வழியாகச் சுற்றத்துக்குப் போவதும், மாமா சொன்னது உங்கள் முடிவாக மனுவில் ஏறுவதும் கூடாது. சந்திப்புகளுக்கு மாமா துணைக்கு வரட்டும். முடிவுகளை நீங்கள் தனியாக வக்கீலிடம் சொல்லுங்கள்.

வழக்கு நடக்கும்போது

குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 13ஆவது பிரிவுப்படி, வக்கீல் வைத்துக்கொள்வது அங்கே தானாக வரும் உரிமை அல்ல; நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். வக்காலத்தோடு அனுமதி மனுவும் சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனால் ஆலோசகர் முன்பும் சமரசப் பேச்சிலும் பேசப் போவது நீங்கள்தான். அங்கே கணவரைத் திட்டித் தீர்க்க நினைக்காதீர்கள். பிள்ளைகளின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்லுங்கள்.

மகனை நீதிபதி தனியே அழைத்துப் பேசக்கூடும். விவரமாகச் சொல்லத் தெரிந்த வயது என்றால் குழந்தையின் விருப்பத்தையும் கணக்கில் எடுக்கலாம் என்கிறது 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. ஏழு வயதுப் பிள்ளையின் சொல் மட்டுமே முடிவாகிவிடாது. ‘அப்பா வேண்டாம்னு சொல்லு’ என்று யாரும், பாட்டி உட்பட, சொல்லிக் கொடுக்க வேண்டாம். சொல்லிக் கொடுத்தது இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

வழக்குக்கு சி.என்.ஆர். என்கிற 16 இலக்க அடையாள எண் இருக்கும். அதை வைத்து அடுத்த வாய்தா எப்போது, அன்று என்ன நடந்தது என்று நீங்களே இ-கோர்ட்ஸ் செயலியில் பாருங்கள். “நீங்க வர வேண்டாம்மா, நான் பார்த்துக்கறேன்” என்ற சொல்லை நம்பியிருந்து, ஒருதலைப்பட்ச உத்தரவு ஆன பிறகே விஷயம் தெரிந்து ஓடி வருபவர்கள் அதிகம். அதை ரத்து செய்யக் கேட்கவும் காலக்கெடு உண்டு.

மூன்று வாரத்துக்குள் மனதுக்கு ஒத்த வக்கீல் அமையாவிட்டாலும், சம்மனில் உள்ள தேதியில் காலையிலேயே நீங்கள் அந்த நீதிமன்றத்தில் இருங்கள். பெயர் கூப்பிட்டதும் எழுந்து, வக்கீல் வைக்கவும் எதிர்மனு தாக்கல் செய்யவும் அவகாசம் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். முதல் வாய்தாவில் நேரில் வந்து நிற்கும் தாய்க்கு நீதிமன்றங்கள் பொதுவாக அவகாசம் தருகின்றன. அன்றே அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு, கணவரின் மனுவும் ஆவணங்களும் முழுதாகக் கையில் கிடைத்துவிட்டனவா என்றும் சரிபார்த்துவிட்டு வாருங்கள்.